ஓன்கலோவில் ஏற்கெனவே குடியிருப்பவர்கள்

2012 தொடக்கத்தில், நெல்லைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி விடுதியில், ஒரே லேப்டாப்பைச் சுற்றி ஏழு பேர் உட்கார்ந்து மைக்கேல் மேட்சனின் 'இன்டு எடெர்னிட்டி' ஆவணப்படத்தைப் பார்த்தோம். (இவர் டென்மார்க்காரர். டரான்டினோ படங்களில் வரும் அதே பெயர் நடிகர் இல்லை. அன்றைக்கு வந்தவர்களில் மூன்று பேர் அந்த நடிகரை நம்பித்தான் வந்தார்கள், இருபது நிமிடத்தில் எழுந்து போனார்கள்.) இடிந்தகரையில் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். விடுதியில் கடற்கரை ஊர்ப் பையன்கள் இருந்தார்கள், அணுமின் நிலையத்தில் வேலை கிடைக்காதா என்று காத்திருந்தவர்களும் இருந்தார்கள். மெஸ்ஸில் இரண்டு கூட்டமும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் சாம்பார் ஆறிப்போகும் வரை சண்டை நடக்கும். அந்தச் சூழலில் இந்தப் படம் என்னை ஒரு உலுக்கு உலுக்கியது. ஒரு வாரத்தில் ஒரு கட்டுரை எழுதி, நண்பர்கள் சேர்ந்து நடத்திய கையடக்கச் சிற்றிதழில் போட்டேன். கட்டுரையின் கடைசி வரி எனக்கு இன்னும் மனப்பாடம்: அந்தப் பாறைக்குள் யாருமே இல்லை, ஒரு லட்சம் ஆண்டுத் தனிமை மட்டும்தான் இருக்கிறது.

அந்த வரியைப் பலர் பாராட்டினார்கள். அந்த வரி தப்பு. இந்தக் கட்டுரை அதைத் திருத்துவதற்காக எழுதப்படுவது. ஆனால் திருத்த உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, தப்பு என்னுடையது மட்டும் இல்லை, படத்தினுடையதும்தான். இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் அணுக்கழிவைப் பற்றி இலக்கியமும் கலையும் யோசிக்கிற முறையிலேயே அது இருக்கிறது.

படத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு சுருக்கம். பின்லாந்தின் மேற்குக் கடற்கரையில் ஓல்கிலுவோட்டோ என்று ஒரு தீவு. அங்கே அணு உலைகள் இருக்கின்றன. அவற்றின் எரிந்து முடிந்த எரிபொருளை நிரந்தரமாகப் புதைக்க, சுமார் 190 கோடி ஆண்டு வயதான பாறைக்குள் 400 மீட்டருக்கும் கீழே சுரங்கம் தோண்டுகிறார்கள். 2004-ல் தோண்ட ஆரம்பித்தார்கள். பெயர் ஓன்கலோ. ஃபின்னிஷ் மொழியில் பொந்து, குழி என்று பொருள். எரிபொருளை வார்ப்பிரும்புச் சட்டத்துக்குள் வைத்து, அதைச் சுமார் ஐந்து சென்டிமீட்டர் தடிமன் செம்புக் கலனுக்குள் அடைத்து, கலனைச் சுற்றிப் பென்டோனைட் களிமண்ணைப் பொதிந்து, சுரங்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவது திட்டம். குறைந்தது ஒரு லட்சம் ஆண்டுகள் அது திறக்கக் கூடாது.

மேட்சன் இருட்டில் ஒரு தீக்குச்சியைக் கிழித்து, அது எரிந்து முடிவதற்குள் எதிர்கால மனிதனிடம் பேசுகிறார். நீ யார், இங்கே ஏன் வந்தாய், திரும்பிப் போ என்கிற தொனி. கேமரா சுரங்கத்துக்குள் மெதுவாக வழுக்கிக்கொண்டு போகிறது. நிபுணர்கள் நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்கள், ஒரு கட்டத்துக்கு மேல் பதில் இல்லாமல் அமைதியாகிறார்கள். அந்த அமைதிகளை வெட்டாமல் விட்டதுதான் மேட்சனின் பெரிய சாதனை. ஒரு பொறியாளர் தனக்குத் தெரிந்ததின் விளிம்பில் வந்து நிற்பதை அவ்வளவு பொறுமையாகக் காட்டிய படம் வேறொன்றை நான் பார்த்ததில்லை. அதை இன்றும் மறுக்க மாட்டேன்.

ஆனால் படம் கேட்கிற கேள்விகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எச்சரிக்கைப் பலகை வைக்கலாமா, வேண்டாமா? வைத்தால் எந்த மொழியில்? ஒரு லட்சம் ஆண்டுக்குப் பிறகு வருகிறவன் நம்மைவிட அறிவாளியா, காட்டுமிராண்டியா? பிரமிடைத் தோண்டியவர்கள் மாதிரி புதையல் என்று நினைத்துத் தோண்டுவானா? பேசாமல் மறந்துவிடுவது நல்லதா? எல்லாமே மனிதனைப் பற்றிய கேள்விகள். குறிப்பாகச் சொன்னால், வாசிக்கிற மனிதனைப் பற்றிய கேள்விகள்.

மென்பொருளில் பாதுகாப்பு வேலை செய்கிறவர்கள் முதலில் செய்வது 'த்ரெட் மாடல்' போடுவது. யார் உள்ளே வரக்கூடும், எதற்காக, எந்த வழியாக என்று உட்கார்ந்து எழுதுவது. இதில் புதியவர்கள் எல்லோரும் செய்கிற ஒரே தவறு, வெளியிலிருந்து வரும் ஹேக்கரை மட்டும் எழுதிவிட்டு, ஏற்கெனவே உள்ளே லாகின் செய்து உட்கார்ந்திருப்பவர்களை விட்டுவிடுவது. நானும் முதல் வேலையில் அதைச் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். 'இன்டு எடெர்னிட்டி'யின் த்ரெட் மாடலும் இந்த வகைதான். வாசலில் வந்து நிற்கப்போகிறவனைப் பற்றி எழுபத்தைந்து நிமிடம் கவலைப்படுகிறது. பாறைக்குள் ஏற்கெனவே இருப்பவர்களைப் பற்றி, நான் பார்த்த இரண்டு முறையும், ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை.

யார் அவர்கள்?

ஓல்கிலுவோட்டோ பாறை காய்ந்த கல் இல்லை. அதன் விரிசல்களில் உப்புத் தண்ணீர் இருக்கிறது. அந்தத் தண்ணீரை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு மில்லிலிட்டரில் பல்லாயிரம் செல்கள் இருக்கும். வெளிச்சம் கிடையாது, ஆக்ஸிஜன் கிடையாது. இருந்தும் இருக்கிறார்கள். இவர்களில் ஒரு கூட்டம் சல்ஃபேட்டைச் சுவாசிக்கிறது. நாம் சாப்பாட்டிலிருந்து பிடுங்கிய எலக்ட்ரான்களைக் கடைசியில் ஆக்ஸிஜனிடம் தள்ளிவிடுகிறோம், இல்லையா? இவை சல்ஃபேட்டிடம் தள்ளுகின்றன. சாப்பாடு என்றால் பாறையிலிருந்து கசியும் ஹைட்ரஜன், கொஞ்சம் கரிமப் பொருள். மீத்தேனையும் சல்ஃபேட்டையும் சேர்த்து ஜீவிக்கிற கூட்டணிகளும் உண்டு. ஓல்கிலுவோட்டோவில் மேலே சல்ஃபேட் மிகுந்த தண்ணீர், கீழே மீத்தேன் மிகுந்த தண்ணீர். இரண்டும் சந்திக்கிற 300 மீட்டரை ஒட்டிய ஆழத்தில் சல்ஃபைடு கூடுதலாகத் தென்படுகிறது. அதாவது சமையல் நடக்கிறது, புகை வருகிறது.

சல்ஃபைடு என்றால் அழுகிய முட்டை நாற்றம் என்று பள்ளி ஆய்வகத்தில் படித்திருப்போம். வெள்ளிக் கொலுசு கறுத்துப்போவதும் அதே கந்தகச் சேர்மங்களால்தான். செம்புக்கும் அது ஆகாது. ஆழத்தில், ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில், செம்பு அரிக்காது என்ற நம்பிக்கையில்தான் செம்பைத் தேர்ந்தெடுத்தார்கள். நம்பிக்கை சும்மா வந்ததில்லை. மிச்சிகன் பாறைகளில் தனிச் செம்பு கோடிக்கணக்கான ஆண்டுகளாக அப்படியே கிடக்கிறது. ஆனால் சல்ஃபைடு வந்தால் கணக்கு மாறுகிறது. செம்பு மெல்ல மெல்லச் செம்பு சல்ஃபைடாகிறது. அந்த வினையில் ஹைட்ரஜன் வெளியே வருகிறது. ஹைட்ரஜன் யாருக்கு உணவு? அதே பாக்டீரியாவுக்கு.

செம்புப் பாத்திரத்தில் வைத்த தண்ணீரில் கிருமி சாகும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். தவறில்லை, செம்பு அயனி பாக்டீரியாவைக் கொல்லும். ஆனால் இங்கே அந்த பாக்டீரியா கலனைத் தொடவே வேண்டாம். பத்து மீட்டர் தள்ளி ஒரு விரிசலில் குடும்பம் நடத்திக்கொண்டு, சல்ஃபைடைத் தண்ணீரில் விட்டால் போதும். மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும்.

இதற்கு எதிராகத்தான் களிமண். பென்டோனைட் தண்ணீர் பட்டால் ஊதும். நல்ல அழுத்தத்தில் அடைத்துவைத்த பென்டோனைட் ஊதும்போது அதன் துளைகள் நானோமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். பாக்டீரியாவோ மைக்ரோமீட்டர் ஆசாமி. நகர இடமில்லை, பிரிந்து பெருக இடமில்லை, பயன்படுத்தக்கூடிய தண்ணீரும் குறைவு. எங்கள் வீட்டில் ஊறுகாய் ஜாடியில் யாராவது ஈரக் கரண்டியைப் போட்டால் அம்மா வீட்டை இரண்டாக்கிவிடுவார். "தண்ணி பட்டா பூசணம் பிடிக்கும்னு எத்தனை தடவை சொல்றது?" உப்பில் ஊறிய மாங்காயிலும் தண்ணீர் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் உப்பு அதைப் பிடித்துவைத்திருப்பதால் பூஞ்சைக்குக் கிடைக்காது. ஈரக் கரண்டி கொண்டுவருவது யாருடைய பிடியிலும் இல்லாத தண்ணீர். ஓன்கலோவின் களிமண் ஏறக்குறைய ஒரு ஊறுகாய் ஜாடித் தத்துவம்தான். இதில் ஒரு குறும்பு என்னவென்றால், வெட்டியெடுத்து விற்கப்படும் பென்டோனைட்டிலேயே சல்ஃபேட் பாக்டீரியாக்கள் உறங்கிக்கொண்டிருக்கின்றன. சூடுபடுத்திப் பார்த்தும் பிறகு உயிர்த்தெழுந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். காவலுக்கு அமர்த்திய ஆளின் சட்டைப்பையிலேயே திருடன்.

களிமண் கெட்டியாக இருக்கிறவரை அவை தூங்கும். அடுத்த பனியுகத்தில் உப்பில்லாத உருகுநீர் விரிசல்கள் வழியாக இறங்கினால் களிமண் மெல்லக் கரைந்து போகலாம், அப்போது என்ன ஆகும் என்பது பொறியாளர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்ட ஒரு சாத்தியம். கவனியுங்கள், பொறியாளர்கள் போட்டிருக்கிறார்கள். ஸ்வீடனில் கார்ஸ்டன் பெடர்சன் என்கிற நுண்ணுயிரியலாளர் 1980களின் பிற்பகுதியிலிருந்தே இந்த ஆழத்து உயிர்களைத் துரத்திக்கொண்டிருக்கிறார். அதற்குப் பணம் கொடுத்ததில் அணுக்கழிவு நிறுவனமும் உண்டு. மேட்சன் தன் கேமராவுக்கு முன்னால் உட்காரவைத்த நிபுணர்களின் அமைப்புகள் நிலத்தடி நீரில் சல்ஃபைடை அளந்து கோப்பு கோப்பாக எழுதிவைத்திருப்பவை. அவர்களிடம் இதைக் கேட்டிருந்தால் மணிக்கணக்கில் பேசியிருப்பார்கள். அவர்களிடம் பதில் இல்லாத கேள்விகளை மட்டும் கேட்டு, அவர்களின் மௌனத்தைப் படம் பிடித்தார் அவர். மௌனம் சினிமாவுக்கு நல்லது, ஒத்துக்கொள்கிறேன்.

நான் சொல்வது வெறும் ஆய்வக வம்பு இல்லை என்பதற்கு ஸ்வீடனே சாட்சி. அங்கேயும் இதே செம்பு–களிமண் முறைதான், உண்மையில் முறையை உருவாக்கியவர்களே அவர்கள்தான். 2018 ஜனவரியில் நிலம் மற்றும் சுற்றுச்சூழல் நீதிமன்றம், செம்புக் கலனின் அரிப்பு பற்றிய சந்தேகங்கள் தீராமல் இந்தத் திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று அரசுக்குக் கருத்துச் சொன்னது. சல்ஃபைடு அரிப்பும் அந்தச் சந்தேகங்களில் ஒன்று. அதே நாளில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கலாம் என்றது. ஒரே நாள், ஒரே கலன், இரண்டு தீர்ப்பு. நிறுவனம் கூடுதல் ஆய்வுகளைச் சமர்ப்பித்து, 2022 ஜனவரியில் அரசு அனுமதி கொடுத்தது. எனக்கு இந்த நான்கு ஆண்டுகள் மேட்சனின் தீக்குச்சியைவிட நாடகத்தன்மை உள்ளவையாகத் தெரிகின்றன. கண்ணுக்குத் தெரியாத ஒரு உயிரின் மூச்சு ஒரு நீதிமன்ற அறைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதை வைத்து ஒரு படம் இல்லை, நாவல் இல்லை.

மனிதனுக்கு எச்சரிக்கை விடுவது பற்றியோ கலைக்குப் பஞ்சமே இல்லை. 1984-ல் தாமஸ் செபியோக் என்ற குறியியலாளர், சடங்குகளும் கதைகளும் வழியாக ஆபத்தின் நினைவைத் தலைமுறை தலைமுறையாகக் கடத்தும் ஓர் 'அணுப் பூசாரி' மரபை உருவாக்கலாம் என்று எழுதினார். அதே ஆண்டு ஃபிரான்ஸ்வாஸ் பஸ்தீத், பாவ்லோ ஃபாப்ரி இருவரும் கதிர்வீச்சு பட்டால் நிறம் மாறும் பூனைகளை வளர்த்து, பூனை நிறம் மாறினால் ஓடிவிடு என்று நாட்டுப்பாட்டு கட்டிவிடலாம் என்றார்கள். இவற்றை இலக்கிய வாசகர்கள் எல்லோரும் எங்காவது படித்து ரசித்திருப்போம். நானும் பூனைகளைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன், நல்லவேளையாக எங்கேயும் வரவில்லை. ராபர்ட் மெக்ஃபார்லனின் 'அண்டர்லேண்ட்' (2019) முடிவை நெருங்கும்போது ஓன்கலோவுக்குள் இறங்குகிறது. அவர் மேட்சனைவிடப் பாறையை உற்றுப் பார்க்கிறவர்தான். ஆனாலும் அந்த அத்தியாயத்திலிருந்து எனக்கு மிஞ்சியது மொழியும் தொன்மமும் காலமும் பற்றிய வியப்பே. எழுதுகிறவர்களுக்கு எழுத்தின் பிரச்சினைதான் உலகின் பிரச்சினையாகத் தெரிகிறது. எச்சரிக்கைப் பலகையைப் படிக்க முடியாதவன் என்றவுடன் நமக்கு மொழி மறந்த மனிதன் ஞாபகத்துக்கு வருகிறான். மொழியே தேவைப்படாத ஒரு உயிர் ஞாபகத்துக்கு வருவதில்லை.

சரி, நுண்ணுயிர் கதைக்குள் வரவே இல்லையா என்றால், வருகிறது. வேறு கதையில், வேறு வேஷத்தில். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆண்டுக்கு ஒரு முறையாவது வரும்: அணுக்கழிவைத் தின்னும் பாக்டீரியா கண்டுபிடிப்பு, இனி கவலையில்லை. என் சித்தப்பா அனுப்புவார், கூடவே கைகூப்பும் பொம்மை. நம் அறிவியல் பத்திகளிலும் இதே தலைப்பு பல தினுசில் வந்திருக்கிறது. மேட்சனின் படத்தில் பாறைக்குள் யாரும் இல்லை என்றால், இந்தக் கதையில் பாறைக்குள் ஒரு சூப்பர் ஹீரோ இருக்கிறார். எனக்கு இரண்டும் ஒரே சோம்பலின் இரண்டு முகங்களாகத் தோன்றுகின்றன.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். எந்த பாக்டீரியாவும் கதிரியக்கத்தைத் தின்னாது, அழிக்காது. கதிரியக்கம் அணுவின் கருவில் நடக்கிற விவகாரம். உயிர் செய்கிற வேதியியல் எல்லாம் கருவுக்கு வெளியே, எலக்ட்ரான்கள் ஓடுகிற மட்டத்தில். சீசியம்-137-க்கு அரை ஆயுட்காலம் சுமார் 30 ஆண்டு, புளூட்டோனியம்-239-க்கு சுமார் 24,100 ஆண்டு. பாக்டீரியா தின்றாலும் சரி, துப்பினாலும் சரி, அந்தக் கடிகாரம் அசையாது. பாக்டீரியாவால் மாற்ற முடிவது ஒன்றைத்தான்: அந்த அணு தண்ணீரில் கரைந்து ஊர் சுற்றுமா, கல்லாகி ஒரு இடத்தில் கிடக்குமா என்பதை. கேட்க இது சின்ன விஷயம் மாதிரி இருக்கும். கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறவனுக்கு அதுதான் முழு விஷயம்.

இதற்கு நல்ல உதாரணம் யுரேனியம். ஆறு எலக்ட்ரான் இழந்த நிலையில் அது தண்ணீரில் சுலபமாகக் கரைந்து ஓடும். இரண்டைத் திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலும் கரையாத கனிமமாகப் படிந்துவிடும். 1991-ல் டெரெக் லவ்லியும் கூட்டாளிகளும், ஜியோபாக்டர் வகை பாக்டீரியா இந்த இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது, அதைச் செய்து அது வளரவும் செய்கிறது என்று காட்டினார்கள். பொட்டோமாக் நதியின் சேற்றிலிருந்து எடுத்த பாக்டீரியா அது. இயல்பில் இரும்புத் துருவைச் 'சுவாசிப்பது'. யுரேனியம் அதற்கு இன்னொரு துரு, அவ்வளவுதான்.

2002-ல் கொலராடோவில் ரைஃபிள் என்ற ஊரில், ஒரு பழைய யுரேனிய ஆலை இருந்த நிலத்தில், இதைக் களத்தில் சோதித்தார்கள். நிலத்தடி நீருக்குள் அசிடேட் செலுத்தினார்கள். வினிகரின் உறவுக்காரப் பொருள், பாக்டீரியாவுக்கு விருந்து. புதிதாக எந்தக் கிருமியையும் கொண்டுபோய் விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கேயே இருந்த ஜியோபாக்டர் கூட்டம் பெருகியது, தண்ணீரில் யுரேனியம் மளமளவென்று இறங்கியது. செய்தித் தலைப்பு இந்த இடத்தில் முடிந்துவிடும். சோதனை முடியவில்லை. தொடர்ந்து ஊட்ட ஊட்ட, செலுத்தும் கிணறுகளின் அருகே ஜியோபாக்டர் சுவாசிக்கிற இரும்பு தீர்ந்துபோனது. அந்த இடத்தை வேறொரு கூட்டம் பிடித்தது. யார் என்று நினைக்கிறீர்கள்? ஓன்கலோவில் நாம் சந்தித்த அதே சல்ஃபேட் ஆசாமிகள். அவர்கள் வந்து விருந்தைச் சாப்பிட்டார்கள், யுரேனியத்தைக் கண்டுகொள்ளவில்லை. யுரேனியம் மறுபடி ஏறியது.

எனக்கு இந்தச் சோதனையின் தோல்வி பிடித்திருக்கிறது. தோல்வி என்றுகூடச் சொல்லக் கூடாது, அதிலிருந்து அவர்கள் ஏராளம் கற்றுக்கொண்டார்கள். புரொடக்‌ஷனில் ஓடுகிற ஒரு பழைய சிஸ்டத்துக்குள் நாம் ஒரு சின்ன மாற்றத்தைத் தள்ளிவிட்டு, முதல் வாரம் கிராஃப் அழகாக இறங்குவதைப் பார்த்து கேக் வெட்டிவிட்டு, ஆறாவது வாரம் அலாரம் அடிக்கும்போது முழிக்கிற அனுபவம் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உண்டு. நிலம் ஒரு சோதனைக் குழாய் இல்லை. அங்கே ஏற்கெனவே ஒரு சமூகம் இருக்கிறது, அதற்குள் போட்டி இருக்கிறது, வரிசை இருக்கிறது. தவிர, படிந்த யுரேனியமும் நிரந்தரமாகப் படிந்துவிடுவதில்லை. ஆக்ஸிஜனோ நைட்ரேட்டோ திரும்ப வந்தால் மறுபடி கரையும்.

டைனோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ் கதையும் இப்படித்தான். 1956-ல் ஒரேகானில், கதிர்வீச்சால் கிருமி நீக்கிய டின் இறைச்சி கெட்டுப்போனதால் கண்டுபிடிக்கப்பட்ட பாக்டீரியா. மனிதனைக் கொல்ல 5 கிரே அளவு போதும், இது 5,000 கிரேயை அலட்டிக்கொள்ளாமல் தாங்கும். அதன் டி.என்.ஏ. துண்டு துண்டாக நொறுங்கும், சில மணி நேரத்தில் தானே ஒட்டவைத்துக்கொள்ளும். 1998-ல் அதற்குள் மரபணு நுழைத்து டொலுவீனைச் சிதைக்கவைத்தார்கள், 2000-ல் பாதரசத்தைக் கையாளவைத்தார்கள். இரண்டுமே கழிவில் கதிரியக்கத்தோடு கூட இருக்கிற மற்ற விஷங்கள். அதாவது அது கதிர்வீச்சைத் தாங்கிக்கொண்டு வேறு வேலை செய்யக்கூடியது. தாங்குவது வேறு, தின்பது வேறு. வெயிலில் நிற்கிற கொத்தனார் வெயிலைச் சாப்பிடுகிறார் என்று யாராவது எழுதுவார்களா? செர்னோபிலின் கறுப்புப் பூஞ்சைகள் இன்னும் சிக்கல். கதிர்வீச்சில் சில மெலனின் பூஞ்சைகள் வேகமாக வளர்ந்ததாக 2007-ல் ஓர் ஆய்வு வந்தது. அது தாவரம் ஒளியைப் பிடிப்பதுபோல் கதிர்வீச்சைப் பிடித்து உணவாக்குகிறது என்பது நிரூபணமாகாத ஊகம். தலைப்புகளில் அந்த ஊகம் எப்போதோ நிரூபணமாகிவிட்டது.

ஹீரோவும் இல்லை, வில்லனும் இல்லை என்றால் பிறகு என்ன? த்ரீ மைல் ஐலண்டில் நடந்ததைப் பாருங்கள். 1979 விபத்துக்குப் பிறகு, உருகிய எரிபொருளை அகற்றும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, 1986-ல் உலைக்கலத்துத் தண்ணீர் கலங்கிப்போனது. கேமராவில் ஒன்றும் தெரியவில்லை. காரணம் நுண்ணுயிர்கள். கருவிகளிலிருந்து கசிந்த ஹைட்ராலிக் எண்ணெயைச் சாப்பிட்டுக்கொண்டு, அத்தனை கதிர்வீச்சுக்கு நடுவில், பெருகிவிட்டிருந்தன. ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிக் கொன்றார்கள். இங்கிலாந்தின் செல்லஃபீல்டில் பழைய எரிபொருள் குளங்களில் பாசி பூத்து இதே மாதிரி வேலையைத் தாமதமாக்கியிருக்கிறது. நுண்ணுயிருக்கு நம் பேரழிவைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இல்லை. எண்ணெய் கிடைத்தது, இருந்தது.

இன்னும் பின்னால் போனால் கதை தலைகீழாகிறது. 1972-ல் பிரான்சின் ஒரு யுரேனிய ஆலையில், காபோன் நாட்டு ஓக்லோ சுரங்கத்திலிருந்து வந்த தாதுவில் யுரேனியம்-235 இருக்க வேண்டிய 0.720 சதவீதத்துக்குப் பதிலாக 0.717 இருந்தது. இவ்வளவு சின்ன வித்தியாசம். தொலைந்தது எங்கே என்று தேடிப்போனால், சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த மண்ணுக்குள்ளேயே இயற்கை அணு உலைகள் எரிந்து அணைந்திருக்கின்றன. அது எப்படிச் சாத்தியமானது? யுரேனியம் ஓரிடத்தில் அவ்வளவு அடர்த்தியாகச் சேர, முதலில் அது தண்ணீரில் கரைந்து பயணப்பட வேண்டும். கரைய ஆக்ஸிஜன் வேண்டும். பூமியின் காற்றில் ஆக்ஸிஜனை நிரப்பியது சயனோபாக்டீரியா. ஆக, உலகின் முதல் அணு உலைக்கு எரிபொருள் சேர்ந்ததில் பாக்டீரியாவின் மூச்சுக்குப் பங்கு உண்டு. அணுக்கழிவு என்பது மனிதன் உண்டாக்கிய, இயற்கைக்கு முற்றிலும் அந்நியமான ஒரு பொருள் என்ற பாவனையில்தான் மேட்சனின் படம் நிற்கிறது. கழிவு நம்முடையது, சந்தேகமில்லை. ஆனால் யுரேனியத்துக்கும் நுண்ணுயிருக்கும் நம்மைவிடப் பழைய பழக்கம் உண்டு.

தென்னாப்பிரிக்காவின் ம்போனெங் தங்கச் சுரங்கத்தில், 2.8 கிலோமீட்டர் ஆழத்தில், தனியாக வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியை 2008-ல் வெளியிட்டார்கள். பாறையில் இருக்கும் யுரேனியத்தின் கதிர்வீச்சு தண்ணீரை உடைக்கிறது, அதில் வரும் ஹைட்ரஜன் இதற்குச் சாப்பாடு. கதிரியக்கத்தைத் 'தின்கிற' உயிர் என்று யாரையாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால் இதைச் சுற்றிவளைத்துச் சொல்லலாம். இதுவும் சல்ஃபேட் சுவாசிப்பதுதான். பெயரில் 'ஆடாக்ஸ்வியேட்டர்', துணிந்த பயணி என்று ஒரு சொல் வருகிறது. ஜூல் வெர்னின் பூமி மையப் பயண நாவலில் வரும் லத்தீன் வாசகத்திலிருந்து எடுத்தது. இலக்கியவாதிகள் ஆழத்து உயிரைக் கவனிக்கவில்லை, ஆழத்து உயிரைக் கண்டவர்கள் இலக்கியத்தைக் கவனித்திருக்கிறார்கள். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கூடங்குளம் காலத்தில் நாங்கள் எழுதியதையும் இந்த வெளிச்சத்தில் திரும்பப் படித்தேன். எதிர்த்து எழுதியவர்கள் (நான் உட்பட) கழிவை ஒரு சாபம்போல, காலத்துக்கும் அசையாத ஒரு தீமைபோல எழுதினோம். ஆதரித்தவர்கள் நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று எழுதினார்கள். கழிவு எங்கே வைக்கப்படும், எதற்குள், அதைச் சுற்றி என்ன தண்ணீர், அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று இரண்டு தரப்பிலும் கேட்டவர்கள் குறைவு. இடிந்தகரையிலிருந்து வந்த ஒரு பையன் மட்டும் மெஸ்ஸில் ஒரு தடவை கேட்டான்: "கடல்ல இரும்பு என்ன ஆகும்னு எங்க அப்பாவக் கேளு, படகு வச்சிருக்காரு. நீங்க எத்தனை வருஷக் கணக்கு சொல்றீங்க?" நாங்கள் சிரித்தோம். அவன் கேட்டது அரிப்பைப் பற்றி. அந்த அறையில் அன்றைக்குக் கேட்கப்பட்ட ஒரே பொருத்தமான கேள்வி அதுதான் என்று இப்போது படுகிறது. அவன் படம் பார்க்க வரவில்லை.

போன மாதம் இரண்டாவது முறை படத்தைப் பார்த்தேன். ஓன்கலோவில் 2024-லேயே எரிபொருள் இல்லாத கலன்களை வைத்து ஒத்திகை தொடங்கிவிட்டார்கள். படத்தில் கரடுமுரடாக, வெடிமருந்துப் புகையோடு தெரிகிற சுரங்கம் இப்போது தயாராக இருக்கிறது. கேமரா வழுக்கிப் போகிற அந்த நீளமான காட்சிகளில் இந்த முறை என் கண் சுவரில் இருந்தது. முன்பு கவனிக்காத ஒன்று தெரிந்தது. பாறை ஈரமாக இருக்கிறது. விளக்கு படுகிற இடங்களில் மின்னுகிறது. மேட்சனின் ஒளிப்பதிவாளர் அதை அழகுக்காகவே எடுத்திருக்கலாம், அழகாகவும் இருக்கிறது.

சிற்றிதழின் பழைய பிரதி ஒன்று அம்மா வீட்டுப் பரணில் இருந்தது. எடுத்து, என் கட்டுரையின் கடைசி வரியைப் பென்சிலால் அடித்தேன். பக்கத்தில் எழுத இடம் போதவில்லை. தாள் வேறு ஓரத்தில் பூஞ்சை பிடித்து, கறுப்புப் புள்ளிகளாக இருந்தது.